ஏலக்கரை நோட்டு: உங்கள் கடலின் மீன்கணக்கை நீங்களே எழுதி வைப்பது எப்படி

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியில் இருந்து தேவிபட்டினம் வரை எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பேச்சு ஒன்றுதான்: மீன் குறைந்துபோச்சு. எந்த மீன் குறைந்தது, எவ்வளவு குறைந்தது, எந்த வருஷத்தில் இருந்து குறைந்தது என்று யாராவது திருப்பிக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். நான் இந்தப் பகுதியில் நாட்டுப்படகுக் கரை ஒன்றில் ஏலக் கணக்கு எழுதுகிறவள். எங்கள் ஊர் மனுவைக் கொண்டுபோன ஓர் அலுவலகத்தில் அதைப் பிரித்துப் படிப்பதற்கு முன்பே "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார்கள். விசைப்படகு வைத்திருப்பவர்களிடம் கடலுக்குப் போக வாங்கும் அனுமதிச் சீட்டான டோக்கன் கணக்கு இருக்கிறது, டீசல் கணக்கு இருக்கிறது, ஏற்றுமதிக் கம்பெனியின் பில் இருக்கிறது. எங்களிடம் இருந்ததெல்லாம் கையெழுத்தும் கைநாட்டும்தான். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் ஏல நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வைத்தேன்.

அந்த நோட்டை எப்படி எழுதுவது, எழுதியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். பத்தாவது படித்த பிள்ளை இருக்கும் எந்த மீனவ வீட்டிலும் இதைச் செய்யலாம்.

கரையில் நின்று எழுதுகிற கணக்கை யார் மதிப்பார்கள் என்று நினைப்பவர்களுக்குக் கனடாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நியூபவுண்ட்லாந்து தீவைச் சுற்றி காட் மீன் சில நூற்றாண்டுகளாக அள்ள அள்ளக் கிடைத்தது. 1980களில் அங்கே கரையோரத்தில் தொழில் செய்த சின்னப் படகுக்காரர்கள், மீன் சிறுத்துவிட்டது, வரத்தும் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அரசின் கணக்கோ ஆழ்கடலில் மடி (கடலடியை வழித்து எடுக்கும் இழுவலை) இழுக்கிற பெரிய கப்பல்களின் மீன்பாட்டை ரொம்பவே நம்பியிருந்தது. மிச்சம் இருந்த மீன் எங்கே கூடி நிற்கிறதோ அங்கே கருவி வைத்துத் தேடிப் போய் இழுக்கிற கப்பலுக்கு, கடைசி வரைக்கும் மீன் குறைந்த மாதிரித் தெரியாது. 1992 ஜூலை 2ஆம் தேதி அரசு மீன்பிடியை மொத்தமாக நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருஷத்துக்கு என்று சொல்லிப் போட்ட தடை 2024 வரை நீண்டது. தடை நீங்கிய பிறகும் பழைய அளவுக்கு மீன் திரும்பவில்லை. கரையோரத்துச் சின்னப் படகுக்காரர்களின் கணக்கும் அந்தப் பெரிய கணக்கோடு சேர்ந்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

ஏலக் கணக்கு மீன் கணக்கு ஆகாது

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். ஏல நோட்டில் இருப்பது ரூபாய். மீன் குறையக் குறைய விலை ஏறும். பத்து வருஷத்து ஏல நோட்டை எடுத்துப் பார்த்தால் வருமானம் கூடிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும், கடல் காலியாகிக்கொண்டிருந்தாலும். அதிகாரி ஒருவர் அந்த நோட்டைப் பார்த்தால் "நல்லாத்தானே போகுது?" என்றுதான் கேட்பார்.

இன்னொன்று, மீனோடு வந்த படகுக்குத்தான் ஏலம் நடக்கும். வெறும் வலையோடு திரும்பி வந்த வள்ளத்துக்கு ஏல நோட்டில் ஒரு வரிகூட இருக்காது. இருபது வள்ளம் போய் எட்டு வள்ளம் மீனோடு வந்தால் அந்த எட்டு மட்டும்தான் பதிவாகும். மீதிப் பன்னிரண்டு வள்ளத்தின் டீசலும் ராத்திரித் தூக்கமும் எந்தக் கணக்கிலும் ஏறாது. அதனால் நீங்கள் எழுதும் நோட்டில் முதல் கட்டமே இதுதான்: இன்றைக்கு எத்தனை வள்ளம் போனது, அதில் எத்தனை வெறுமனே வந்தது. இந்த ஒரு எண்ணை மட்டும் ஒரு வருஷம் விடாமல் எழுதினாலே உங்கள் கையில் வேறு யாரிடமும் இல்லாத தகவல் சேர்ந்துவிடும்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்

நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு போதும். தேதி, கிழமை, காற்று (வடக்கே இருந்து வரும் வாடையா, மேற்கே இருந்து வரும் கச்சானா, தெற்கே இருந்து வரும் சோழகமா), அமாவாசையோ பௌர்ணமியோ பக்கத்தில் இருக்கிறதா என்பது. அப்புறம் போன வள்ளம், வெறுமனே வந்த வள்ளம். பிறகு ஐந்தாறு வள்ளத்தை மட்டும் நிலையாக எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு என்ன வலை, எத்தனை துண்டு, கண்ணி (வலையின் ஓட்டை) எவ்வளவு, எவ்வளவு தூரம் போனார்கள், எத்தனை லிட்டர் டீசல் எரிந்தது, எத்தனை கிலோ மீன் வந்தது என்று எழுத வேண்டும். எல்லா வள்ளத்தையும் எழுத ஆசைப்படாதீர்கள். ஒரு வாரத்தில் சலித்துப்போய் நோட்டு மூலைக்குப் போய்விடும். ஐந்து வள்ளம், ஆனால் வருஷம் முழுக்க அதே ஐந்து வள்ளம்.

டீசலை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், முன்பு கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் வலை விட்டு எடுத்த அதே நாற்பது கிலோ நண்டை இன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஓடிப்போய் எடுக்கிறோம். கிலோவை மட்டும் எழுதினால் ஒன்றும் குறையவில்லை என்றுதான் தோன்றும். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோ என்று வகுத்துப் பார்த்தால் உண்மை வெளியே வரும்.

கிழமையை விட்டுவிடாதீர்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று போகின்றன. நீங்கள் கிழமை போட்டு எழுதியிருந்தால், மடி இழுத்ததற்கு மறுநாள் உங்கள் வள்ளத்துக்கு என்ன கிடைத்தது, மடி இழுக்காத நாளுக்கு மறுநாள் என்ன கிடைத்தது என்று பிரித்துப் பார்க்கலாம். ஆறு மாதக் கணக்கை இப்படி இரண்டு கூறாகப் பிரித்துக் கூட்டிப் பாருங்கள். கூட்டத்தில் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதை இரண்டு எண்கள் சொல்லிவிடும்.

மீனை அளக்கும் விதம்

ஒரு முழம் நீளத்தில் பலகை ஒன்றை எடுத்து, ஒரு முனையில் குறுக்குச் சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் இருந்து தொடங்கி சென்டிமீட்டர் கோடுகளை பெயிண்டில் போடுங்கள். பேனா மை உப்புத்தண்ணீரில் நிற்காது. மீனின் வாயை மூடி, மூக்கு சட்டத்தில் முட்டும்படி படுக்கவைத்து, வால் நுனி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வால் கவட்டை வரைக்கும் அளக்கிறவர்களும் உண்டு. எப்படி அளந்தாலும் சரி, கடைசி வரை ஒரே மாதிரி அளக்க வேண்டும், நோட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதி வைக்க வேண்டும்.

எந்த மீனை எடுத்து அளப்பது என்பதில்தான் சூட்சுமம். ஏலத்துக்கு வைக்கும் கூடையில் மேலே பெரிய மீனாக அடுக்குவது எல்லாக் கரையிலும் வழக்கம். மேலே கையை வைத்தால் உங்கள் கணக்கில் கடல் செழிப்பாக இருக்கும். கூடையின் நடுவில் கையை விட்டு, பார்க்காமல் வருகிறதை எடுங்கள். அல்லது கொட்டின குவியலின் ஒரு ஓரத்தில் இருந்து வரிசையாக எடுங்கள், சின்னது பெரியது என்று தள்ளாமல். ஒரு வகைக்கு ஐம்பது மீன் போதும். ஏலம் முடிந்து வியாபாரி ஐஸ் போடுவதற்கு முன் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். வியாபாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருக்கும் நேரம் பணம்.

அளந்ததை எண்ணாக எழுதாமல், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கட்டம் போட்டு, மீனுக்கு ஒரு கோடு இழுங்கள். ஐம்பது மீன் முடிந்ததும் கோடுகள் எந்தக் கட்டத்தில் குவிந்திருக்கின்றன என்று கண்ணுக்கே தெரியும். அடுத்த வருஷம் அதே மாதத்துப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் குவியல் சின்ன எண் பக்கம் நகர்ந்திருந்தால் மீன் வளர விடாமல் பிடிபடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

எல்லா மீனையும் அளக்க வேண்டாம். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் என்றால் நண்டு, மடவை, காரல், முரல் என்று நாலு. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம், ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர்க்காரர்கள் விளைமீன், பாறை, சாளை என்று அவர்கள் கரைக்கு எது சோறு போடுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நீளத்தில் மீன் முதல் சினை வைக்கிறது என்று தெரிந்தால் கணக்குக்கு வலு கூடும். இதற்கு மீன் அறுக்கும் அக்காமாரைப் பிடியுங்கள். எங்கள் கரையில் அறுப்புக் கத்தியோடு உட்கார்ந்திருக்கும் மதினி ஒருவர், வயிற்றைத் திறந்ததும் சினை இருக்கிறதா, முற்றியதா, பிஞ்சா, கொட்டிவிட்டதா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அளந்த மீனை அவர் கையில் கொடுத்து, சொல்வதைக் கோட்டுக்கு மேல் ஒரு புள்ளியாக வைத்துவிடுங்கள். எந்த நீளத்துக்கு மேல் பாதி மீனுக்காவது புள்ளி விழுகிறதோ, அதற்குக் கீழே பிடிபடுவது பெரும்பாலும் ஒரு தடவைகூடக் குஞ்சு விடாத மீன். கேரளத்தில் இந்த யோசனையைத்தான் சட்டமாக்கினார்கள். மத்தி 10 சென்டிமீட்டருக்கும், கும்பளா 14 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அங்கே பிடிக்கக் கூடாது.

நண்டு

நண்டுக்குத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பாதி வீட்டு அடுப்பு நீலநண்டில் எரிகிறது. ஓட்டின் இரண்டு பக்கமும் நீண்டு நிற்கும் முள் நுனியில் இருந்து முள் நுனி வரை அளப்பதுதான் நண்டின் அகலம். ஆனால் அளவுகோல் இல்லாமலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. நண்டைப் புரட்டுங்கள். வயிற்றில் மடங்கிக் கிடக்கும் மடல் ஒடுங்கி, கூர்மையாக இருந்தால் ஆண். பெட்டைக்கு அகலமாக இருக்கும். அந்தப் பெட்டையிலேயே மடல் முக்கோணமாக, உடம்போடு இறுக ஒட்டி, விரலால் தூக்கினாலும் வராமல் இருந்தால் அது இன்னும் பருவத்துக்கு வராத குமரி. அரைவட்டமாக அகன்று, நகத்தால் லேசாகத் தூக்கினதும் திறந்துகொண்டால் பருவம் வந்தது. ஐம்பது பெட்டையைப் புரட்டி எத்தனை முக்கோணம், எத்தனை அரைவட்டம் என்று மட்டும் எழுதினால் போதும். முக்கோணம் கூடிக்கொண்டே போனால் நாளைக்குச் சினை வைக்க வேண்டியதை இன்றைக்கே விற்றுக்கொண்டிருக்கிறோம்.

சினை நண்டின் மடலுக்கு வெளியே முட்டை பஞ்சு போல அப்பியிருக்கும். முதலில் மஞ்சள், ஆரஞ்சு. நாளாக ஆகப் பழுப்பு. பொரிக்கும் சமயத்தில் கருஞ்சாம்பல். ஒரு நண்டில் பல லட்சம் முட்டை. எங்கள் அண்ணன் நண்டு வலைக்குப் போகிறவர். கருஞ்சாம்பல் நிறத்தில் வரும் நண்டை வலையில் இருந்து கழற்றின கையோடு அங்கேயே தண்ணீரில் விட்டுவிடச் சொல்லி அவரிடம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தேன். வியாபாரியும் அந்த நிற நண்டுக்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார், அதனால் நஷ்டம் பெரிதில்லை. கரைக்கு வந்துவிட்டால் விட்டும் பிரயோஜனம் குறைவு. வெயிலில் கிடந்து முட்டை காய்ந்திருக்கும். விட்ட நண்டையும் எழுதுங்கள். அதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

வலையை அளக்காமல் மீனை அளக்காதீர்கள்

வலைக் கண்ணிதான் எந்த அளவு மீன் மாட்டும் என்பதை முடிவு செய்கிறது. பெரிய கண்ணி வலையில் சின்ன மீன் இல்லை என்பதால் கடலில் சின்ன மீன் இல்லை என்று ஆகாது. ஆகவே மீன் நீளத்துக்குப் பக்கத்தில் எப்போதும் கண்ணி அளவு இருக்க வேண்டும். வலையை ஈரத்தோடு இழுத்துப் பிடித்து, வரிசையாகப் பத்துக் கண்ணியை அளந்து பத்தால் வகுங்கள். ஒரு கண்ணியை மட்டும் அளந்தால் கை நடுக்கத்திலேயே தப்பு வரும்.

இதோடு சேர்த்து ஒரு வேலை செய்யுங்கள். பெரியவர்கள் வீட்டுப் பரணில் பழைய நூல் வலைத் துண்டு கிடக்கும். அதை எடுத்து அளந்து, எந்த வருஷத்து வலை, என்ன மீனுக்குப் பாய்ச்சியது என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் காலத்தில் மீன் இவ்வளவு பெரிது என்று கை விரித்துக் காட்டுவதை எந்த அலுவலகமும் ஏற்காது. பழைய வலையின் கண்ணியை மறுக்க முடியாது. மீன் சிறுக்கச் சிறுக்க நாமும் கண்ணியைச் சிறுக்கிக்கொண்டே வந்தது அதில் இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர் வலையை மறைத்துவிட்டு அடுத்தவர் மடியை மட்டும் எழுதுகிற நோட்டுக்கு மதிப்பில்லை. நம் பக்கத்திலும் தள்ளுமடி இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள், கொசுவலை மாதிரிக் கண்ணி வைத்துக் கரையோரத்தில் குஞ்சை வாருகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தக்காரராக இருந்தாலும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், வலை வகையும் கண்ணியும் போதும். மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குள்ளேயே பேசி மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது. யாரும் வந்து மிரட்டாமல், தங்கள் பிழைப்பைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொண்டவர்களின் பேச்சுக்கு வெளியே காது கிடைக்கிறது.

"மீன அளந்தா மீன் வந்துருமாத்தா?" என்று ஒரு மாமா கேட்டார். "வராது மாமா. ஆனா இந்தப் பேப்பர் போகுற இடத்துக்கெல்லாம் நாம நடந்து போக முடியாதுல்ல" என்றேன். இப்போது அவரே வெறுமனே வந்தாலும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

எப்போது பேசலாம்

ஒரு மாதக் கணக்கை வைத்துக்கொண்டு கடல் அழிந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள். வாடைக் காலம் வேறு, கச்சான் காலம் வேறு. தண்ணீர் கலங்கினால் ஒரு மீன் வரும், தெளிந்தால் இன்னொன்று. சாளை மாதிரி மீன் நாம் பிடிக்காவிட்டாலும் சில வருஷம் பெருகும், சில வருஷம் காணாமல் போகும். இந்த வருஷத்து ஆனியைப் போன வருஷத்து ஆனியோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வருஷம் எழுதியிருந்தால் சந்தேகத்தைச் சொல்லலாம். மூன்று வருஷத்திலும் வெறும் வள்ளம் கூடி, நீளம் குறைந்து, டீசலும் கூடியிருந்தால் தைரியமாகப் பேசலாம். மூன்றும் ஒரே திசையில் போகிறதா என்பதுதான் முக்கியம்.

எழுதியதை எங்கே கொண்டுபோவது

சட்டம் நம் பக்கம் நிறையவே இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்கு உரியது. விசைப்படகு அதற்குள் மடி இழுக்கக் கூடாது. மடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரட்டைமடிக்கும் (இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் மடி) சுருக்குமடிக்கும் (மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கும் வலை) தமிழ்நாட்டுக் கடலில் 2000 முதலே தடை. சுருக்குமடிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு வெளியே திங்கள், வியாழன் மட்டும் காலை 8 முதல் மாலை 6 வரை பிடிக்க இடைக்கால அனுமதி வாங்கினார்கள். 12 மைலுக்குள் தடை அப்படியேதான் இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் "கோர்ட்டே விட்டுருச்சு" என்று உங்களிடம் சொல்வார்கள்.

நாட்டுப்படகுக்கு உரிய கரையோரக் கடலுக்குள் மடி இழுப்பதைப் பார்த்தால், துரத்திக்கொண்டு போகாதீர்கள், படகைச் சிறைபிடிக்கவும் வேண்டாம். சிறைபிடித்த மறுநாள் பேச்சு முழுக்க அடிதடியைப் பற்றித்தான் இருக்கும், மீனைப் பற்றி இருக்காது. செல்போனில் இடக்குறியீடும் நேரமும் விழும்படி போட்டோ எடுங்கள். படகின் முகப்பில் இருக்கும் பதிவு எண்ணைப் பிடியுங்கள் (ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கும்). ஆட்களின் முகம் வேண்டாம். அந்தப் படகில் கூலிக்கு நிற்பவன் என் சித்தப்பா மகனாக இருக்கலாம், உங்கள் மச்சானாக இருக்கலாம். மடி போடச் சொன்னது அவன் இல்லை.

அப்புறம் மனு. ஒரே பக்கம் போதும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், சட்டத்தின் எந்தக் கட்டுப்பாடு மீறப்பட்டது, அதனால் நோட்டுக் கணக்கில் என்ன தெரிகிறது, நீங்கள் கேட்பது என்ன. கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பத்துக் கோரிக்கை எழுதினால் பத்தும் "பரிசீலனையில்" போய்விடும். அதை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் அதே நகலைக் கொடுங்கள். தீவுப் பக்கம் என்றால் வனத்துறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவும் 1986இல் தேசியப் பூங்காவானது. 2001இல் இருந்து கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால் அதற்கும் வனத்துறைதான்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். என் அனுபவத்தில் உபயோகமான கேள்வி இரண்டு. கடந்த மூன்று வருஷத்தில் 1983 சட்டத்தின் கீழ் இந்த மாவட்டத்தில் எத்தனை படகு மீது நடவடிக்கை, எவ்வளவு அபராதம்? குறிப்பிட்ட தேதிகளில் எந்தத் துறைமுகத்தில் எத்தனை டோக்கன் கொடுக்கப்பட்டது? 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேலதிகாரிக்கு மேல்முறையீடு. பதிலில் வரும் தேதியை உங்கள் நோட்டின் தேதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். 1947இல் தொடங்கிய அந்த நிலையத்துக்குப் பல வருஷம் மண்டபம் முகாம்தான் தலைமையகம், 1971இல்தான் அது கொச்சிக்குப் போனது. நாட்டின் மொத்தக் கடல்மீன் அளவை அவர்கள்தான் மதிப்பிடுகிறார்கள், சில கரைகளைத் தேர்ந்தெடுத்து, சில நாட்கள் கணக்கெடுத்து. எல்லாக் கரைக்கும் தினமும் ஆள் அனுப்ப யாராலும் முடியாது. அந்த விஞ்ஞானிகளிடம் பலகையைக் காட்டி, அளக்கிற முறை சரியா என்று கேட்டு, அவர்கள் சொல்கிற மாதிரித் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் யாரும் உங்கள் கணக்கை லேசில் தள்ள முடியாது.

மேடைப் பேச்சு வரும்போது

தேர்தல் நேரத்தில் எங்கள் கரைக்கு வருகிற எல்லாரும் கச்சத்தீவைப் பற்றிப் பேசுவார்கள். 1974இலும் 1976இலும் போட்ட எல்லை ஒப்பந்தங்களால் எங்கள் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சிறையில் கிடந்தவர்கள், படகை இழந்தவர்கள், உயிரையே விட்டவர்கள் இருக்கிறார்கள். அதை யாரும் சின்னதாக்கிவிட முடியாது. ஆனால் அந்தத் தீவு கையில் வந்தாலும் அடியை வழித்து எடுக்கும் மடி அங்கேயும் அடியைத்தான் வழிக்கும். அக்கரையில் இருப்பவர்களும் தமிழ் பேசுகிற மீனவர்கள். யுத்தத்தில் எல்லாம் போய், வலை வாங்கிக் கட்டியவர்கள். அந்த வலையை நம் பக்கத்து மடி அறுத்துக்கொண்டு போகிறது என்று அவர்கள் அழுவது எனக்குக் கேட்கிறது, ஏனென்றால் என் அண்ணனும் அதையேதான் சொல்கிறார். இலங்கை 2017இல் தன் கடலில் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

அதே 2017இல் இங்கே பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடல் படகாக மாற்றும் திட்டம் வந்தது. 80 லட்ச ரூபாய்ப் படகில் மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு, மீதியில் 16 லட்சம் கடன், 8 லட்சம் கைக்காசு. மொத்தம் 2,000 படகை மாற்றுவதாக இலக்கு. அந்த இலக்கின் பக்கத்தில்கூட இன்னும் போகவில்லை. காலையில் போய் மறுநாள் வீடு திரும்பும் தொழில் செய்தவனை, வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை பிடிக்கச் சொன்னால், பயிற்சியும் கடனும் துறைமுகமும் சேர்ந்து வர வேண்டும். வேட்பாளர் வந்தால் அவரிடம் கேளுங்கள்: இந்த ஊரில் எத்தனை மடிப் படகு மாறியது, மாறாததற்கு என்ன காரணம், கூலிக்குப் போகிறவனுக்கு நீங்கள் வைத்திருக்கும் வழி என்ன? கேட்கும்போது நோட்டைக் கையில் வைத்திருங்கள்.

வருஷாவருஷம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தைப் பற்றியும் வாக்குவாதம் வரும். 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017இல் இருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஆனது. அந்த நாட்களில் மடி இழுக்காததால் எங்கள் வள்ளங்களுக்குக் கிடைப்பது கண்ணுக்குத் தெரிந்து கூடும். ஜூன் 15 தாண்டியதும் இரண்டே வாரத்தில் இறங்கும். இதைப் பார்த்த பிறகு, தடைக்காலத்தால் பயனில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இரண்டு மாதத்தில் வளர்ந்த குஞ்சை இரண்டு வாரத்தில் வாரிவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். தடைக்கால நிவாரணத் தொகையை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பணத்தை நிறுத்திவிட்டுத் தடையை மட்டும் நீட்டு என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்து நிற்பேன். பட்டினி கிடக்கும் வீட்டில் மீன்வளப் பாதுகாப்பு பற்றிப் பேச முடியாது.

உலக அளவிலும் இதே தகராறுதான். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1974இல் கணக்குப் பார்த்தபோது உலக மீன்வளத்தில் சுமார் 10 சதவீதம்தான் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்தது. 2021இல் அது 37.7 சதவீதம். மீன்பிடி மானியத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில் ஏற்றது. 2025 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தபோது இந்தியா அதில் சேரவில்லை. பல பத்தாண்டு மானியம் கொடுத்துப் பெரிய கப்பல் கட்டித் தூரக் கடலை எல்லாம் அள்ளிய பணக்கார நாடுகளையும், வள்ளத்தில் போகும் எங்களையும் ஒரே தராசில் வைக்காதே, எங்களைப் போன்ற நாடுகளுக்கு 25 வருஷ அவகாசம் கொடு என்பது இந்தியாவின் வாதம். அந்த வாதம் எனக்கு நியாயமாகப் படுகிறது. அதே நியாயத்தை ஊருக்குள்ளும் கேட்கிறேன். சின்ன மீனவன் பெயரைச் சொல்லி ஜெனீவாவில் அந்த அமைப்பிடம் வாங்குகிற அவகாசத்தின் பலன், மாவட்டத்துக்குள் மடிக்குப் போகிறதா வள்ளத்துக்குப் போகிறதா? வள்ளத்தின் கணக்கு எழுதப்பட்டிருந்தால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடியும்.

தொடங்க நல்ல மாதம் மார்ச். தடைக்கு முன் ஒரு மாதமும், தடைக்காலம் இரண்டு மாதமும், அது முடிந்த பின்னான வாரங்களும் ஒரே நோட்டில் அடுத்தடுத்து வந்துவிடும். மாதம் முடிந்ததும் பக்கங்களைப் போட்டோ எடுத்து மூன்று பேர் போனில் வைத்துவிடுங்கள். உப்புக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் நோட்டு தாங்காது. உங்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் எழுத, கூடவே ஒரு பிள்ளையைப் பழக்குங்கள். எங்கள் கரையில் எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி பலகையைப் பிடிக்கிறாள். நண்டைப் புரட்டி முக்கோணமா அரைவட்டமா என்று சொல்வதில் என்னைவிட அவளுக்குக் கண் வேகம்.